இரும்பு உருக்கு ஆலையின் சக்தி அமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பைச் சுற்றியுள்ள கம்பி உருட்டும் ஆலைகளிலும் வார்ப்பு ஆலைகளிலும் வேலை செய்பவர்களும், மொறட்டுவையில் பொறியியல் படிக்கும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறோம். எண்கள் பருமட்டானவை. எந்த முடிவையும் உங்கள் ஆலையின் மீற்றரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள்.

சக்தி அமைப்பை வடிவமைக்கிறது என்றால் என்ன? புது உலை வாங்கச் சொல்றீங்களா?

இல்லை. எந்த வேலைக்கு எவ்வளவு வெப்பநிலையில், எந்த நேரத்தில், எவ்வளவு சக்தி வேண்டும் என்று முதலில் எழுதுவது. பிறகு எண்ணெய், மின்சாரம், வீணாகும் சூடு, எரியக்கூடிய கழிவு வாயு ஆகியவற்றில் எது எந்த நேரத்தில் கையில் இருக்கிறது என்று எழுதுவது. இந்த இரண்டு பட்டியலையும் பொருத்துவதுதான் வடிவமைப்பு. உபகரணம் வாங்குவது அதற்குப் பிறகுதான் வரும்.

பெரும்பாலான பிழைகள் நேரத்தை விட்டுவிட்டு நாட்கணக்கில், மாதக்கணக்கில் சராசரி போடுவதால் வருகின்றன. சராசரியில் சரிவரும் கணக்கு, ஒரு உலை கதவைத் திறக்கும் பத்து நிமிடத்தில் சரிவராது.

நம்ம நாட்டில ஊதுலையே இல்லையே, பிறகு ஏன் பெரிய ஆலைகளைப் பற்றிப் படிக்க வேணும்?

ஊதுலை என்பது தாதிலிருந்து இரும்பு எடுக்கும் பெரிய உலை, அது இங்கே இல்லைதான். இங்கே இன்று நடப்பது பழைய இரும்பைத் தூண்டல் உலையில் (மின்சுருளால் உலோகத்தையே சூடேற்றும் உலை) உருக்குவதும், பில்லெட் என்ற உருக்குக் கட்டையைச் சூடாக்கிக் கம்பியாக உருட்டுவதும்தான். 1960களில் சோவியத் உதவியோடு ஒருவலவில் தொடங்கிய உருக்கு ஆலையும் உருட்டும் ஆலையாகத்தான் வளர்ந்தது. ஆனாலும் வாயுவைப் பங்கிடுவது, சூட்டைத் திரும்பப் பிடிப்பது, உச்ச நேரத்தைத் தவிர்ப்பது ஆகிய மூன்று கணக்குகளும் பெரிய ஆலைக்கும் சிறிய ஆலைக்கும் பொதுவானவை. பெரிய ஆலையில் அவை பெரிய எழுத்தில் தெரிகின்றன.

சமனலவெவப் பகுதியில் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய இரும்புருக்கு உலைகளை மலைச்சரிவின் மேற்கு முகத்தில் கட்டினார்கள். தென்மேற்குப் பருவக்காற்றே துருத்தியாக இருந்தது. கிடைக்கும் சக்தியின் இடத்தையும் காலத்தையும் பார்த்து உலையை வைத்த வடிவமைப்பு அது. நாங்கள் இன்று செய்யப் பார்ப்பதும் அதே வேலைதான்.

ஒரு தொன்னுக்கு எவ்வளவு பிடிக்க வேணும்? எங்கட கணக்கு நல்லதா கெட்டதா?

அடிமட்டத்தை இயற்பியல் சொல்லிவிடும். உருக்கை 1,200 பாகை செல்சியசுக்குச் சூடாக்கத் தொன்னுக்கு ஏறக்குறைய 0.83 கிகாயூல் வேண்டும். லீற்றருக்கு 38 மெகாயூல் தரும் உலை எண்ணெயில் இது 22 லீற்றர். நடைமுறையில் ரெகுப்பரேற்றரோடு (வெளியேறும் புகையின் சூட்டால் எரிகாற்றைச் சூடாக்கும் குழாய்த்தொகுதி) ஒழுங்காக ஓடும் உலை 32 முதல் 38 லீற்றர் வரை எடுக்கும். 50ஐத் தாண்டினால் எங்கோ பெரிய ஓட்டை இருக்கிறது.

பழைய இரும்பை உருக்கி 1,600 பாகைக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 385 கிலோவாற்று மணி போதும். தூண்டல் உலை 550 முதல் 650 வரை எடுக்கும். மிச்சம் சுருளைக் குளிர்விக்கும் நீரிலும், திறந்த வாயிலும், சுவரிலும் போகிறது. மின்வில் உலை சிலவேளை 385க்கும் கீழே காட்டும். அங்கே ஒட்சிசனும் கரியும் எரிந்து தரும் சக்தி மின் மீற்றரில் ஏறாததுதான் காரணம். ஊதுலை வழியில் தாதிலிருந்து தொடங்கும் ஆலைக்குத் தொன்னுக்கு 20 கிகாயூல் அளவில் போகும். அதை இங்குள்ள உருட்டும் ஆலையோடு ஒப்பிடக் கூடாது. தாதிலிருக்கும் ஒட்சிசனைப் பிரிக்கும் வேலையே அங்கே பெரும்பகுதியைத் தின்கிறது.

இந்த மாசம் தொன்னுக்கு எண்ணெய் கூடிட்டுது. யாரில பிழை?

பெரும்பாலும் யாரிலும் இல்லை. உற்பத்தி குறைந்திருக்கும். உலை சும்மா சூடாக நிற்கவும் எண்ணெய் வேண்டும். நாளுக்கு 2,000 லீற்றர் நிலையான செலவு, அதற்கு மேல் தொன்னுக்கு 30 லீற்றர் என்று ஓர் உலையை எடுத்துக்கொள்ளுங்கள். 200 தொன் உருட்டினால் 8,000 லீற்றர், அதாவது தொன்னுக்கு 40. 100 தொன் உருட்டினால் 5,000 லீற்றர், தொன்னுக்கு 50. உலை ஒன்றும் கெடவில்லை, ஓட்டியவரும் ஒன்றும் பிழை செய்யவில்லை.

ஆகவே தொன்னுக்கு எவ்வளவு என்ற ஒற்றை எண்ணை வைத்து ஆட்களைத் திட்டாதீர்கள். அது அநியாயம். 60 நாளின் எண்ணெயை நிலைக்குத்து அச்சிலும் தொன்னைக் கிடை அச்சிலும் புள்ளியிட்டு ஒரு நேர்கோடு போடுங்கள். கோடு அச்சை வெட்டும் இடம் நிலையான செலவு, சாய்வு ஒரு தொன்னின் உண்மைச் செலவு. வெட்டும் இடம் உயர்ந்தால் கதவு, சுவர், நிறுத்தி வைக்கும் முறை ஆகியவற்றைப் பாருங்கள். சாய்வு உயர்ந்தால் பேர்னர் (எண்ணெய் எரிப்பான்), காற்று, ரெகுப்பரேற்றர் பக்கம் போங்கள்.

எல்லாத்துக்கும் மீற்றர் போடக் காசில்லை. முதல்ல எதைப் போடுறது?

ஒவ்வோர் உலைக்கும் தனி எண்ணெய் மீற்றர், ஒவ்வோர் உருக்கு உலைக்கும் உருட்டும் மோட்டருக்கும் தனி மின் மீற்றர், புகைவாயு வெளியேறும் இடத்தில் ஒட்சிசன் அளவி, மணிக்கு எத்தனை பில்லெட் வெளியே வந்தது என்ற எண்ணிக்கை. இந்த நான்கும் இருந்தால் மேலே சொன்ன கோட்டைப் போடலாம். எண்ணெய் மீற்றரில் ஒரு பொறி உண்டு. பேர்னரிலிருந்து தாங்கிக்குத் திரும்பும் குழாய் இருந்தால், போவதையும் வருவதையும் அளந்து கழிக்க வேண்டும். போவதை மட்டும் அளந்தால் இல்லாத செலவு தெரியும்.

உலைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தா அவ்வளவு போகுமா?

போகும். 1,200 பாகையில் உள்ள உலையின் வாய் ஒரு கரும்பொருளைப் போல (அந்தச் சூட்டில் முடிந்த அளவு முழுவதையும் வீசும் பொருள்) கதிர்வீசும், சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 267 கிலோவாற்று. அரைச் சதுர மீற்றர் இடைவெளி என்றால் 130 கிலோவாற்றுக்கு மேல். சுவரின் தடிப்பு கொஞ்சத்தை மறைக்கிறது என்று பாதியாக வைத்தாலும் மணிக்கு 6 லீற்றர் எண்ணெய் வெளிச்சமாகவே போகிறது. உலையும் பேர்னரும் அதை ஈடுசெய்ய அதைவிடக் கூட எரிக்க வேண்டும், ஏனென்றால் எரித்த எண்ணெயின் சூட்டில் ஒரு பங்கு எப்படியும் புகைபோக்கிக்குப் போய்விடும்.

இதோடு குளிர்காற்று உள்ளே இழுபடுவதும் சேரும். உலைக்குள் அமுக்கம் வெளியைவிடக் கொஞ்சம் கூடுதலாக, பில்லெட் மட்டத்தில் பூச்சியத்துக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். கதவு விளிம்பில் தீநாக்கு மெல்ல எட்டிப் பார்த்தால் சரி. உள்ளே இழுபட்டால் புகைபோக்கியின் வழியைத் திறந்து மூடும் தகடான டாம்பரைக் கொஞ்சம் மூடுங்கள். செலவே இல்லாத திருத்தம் இது. டாம்பர் துருப்பிடித்து அசையாமல் கிடந்தால் மட்டும் ஒரு நாள் வேலை நிறுத்த வேண்டிவரும்.

காற்றைக் குறைச்சா கரும்புகை வருது, கூட்டினா எண்ணெய் கூடுது. என்ன செய்யிறது?

எண்ணெய்க்குப் புகைவாயுவில் 2 முதல் 3 வீத ஒட்சிசன் இருக்க வேண்டும். புகை 900 பாகையில் வெளியேறும் உலையில், இந்த அளவில் எண்ணெயின் சக்தியில் ஏறக்குறைய 40 வீதம் புகையோடு போகும். ஒட்சிசன் 7 வீதம் என்றால் 50 வீதம் போகும். பத்தில் ஆறு பங்கு வேலை செய்த எண்ணெய் ஐந்து பங்குதான் செய்கிறது. அதே பில்லெட்டுக்கு 20 வீதம் கூடுதல் எண்ணெய். கூடிய காற்று பில்லெட்டின் மேல் படியும் இரும்பு ஒட்சைட்டுச் செதிலையும் தடிப்பாக்கும். செதில் இழப்பு வழமையாக 1 முதல் 2 வீதம். 100 தொன்னில் ஒரு வீதம் என்றால் ஒரு தொன் உருக்கு. பல ஆலைகளில் அந்தப் பணம் எண்ணெய் மிச்சத்தோடு போட்டி போடும்.

3 வீதத்திலேயே கரும்புகை வந்தால் பிழை காற்றில் இல்லை, எண்ணெயைச் சிதறடிப்பதில் இருக்கிறது. 1,500 செக்கன் என்ற தடித்த தர உலை எண்ணெயைப் பேர்னருக்கு முன்னால் 100 பாகை அளவில் சூடாக்காவிட்டால் அது நூல் நூலாக வரும், துளியாக உடையாது. ஹீற்றர் தொகுதியில் ஒன்று எரிந்து போயிருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். முனையின் தேய்வு, சிதறடிக்கும் காற்றின் அமுக்கம் இரண்டையும் அடுத்துப் பாருங்கள். இவற்றைச் சரிசெய்யாமல் காற்றைக் கூட்டிப் புகையை மறைப்பதுதான் நாட்டில் அதிகம் நடக்கும் வீண்செலவு.

ரெகுப்பரேற்றர் போட்டா எவ்வளவு மிச்சம்? எங்கட ரெண்டு வருஷத்தில எரிஞ்சு போச்சே!

எரிகாற்றை 30 பாகையிலிருந்து 330 பாகைக்குச் சூடாக்கினால் 14 முதல் 16 வீத எண்ணெய் மிஞ்சும். ஆனால் சூடான காற்றின் கனவளவு இரு மடங்காகும். பழைய பேர்னரும் குழாயும் அப்படியே இருந்தால் காற்று போதாமல் உலையின் கொள்ளளவு குறையும். எண்ணெய்க்கும் காற்றுக்குமான விகிதத்தைக் காற்றின் வெப்பநிலைக்கேற்பத் திருத்தும் கட்டுப்பாடும் வேண்டும்.

எரிந்து போவதற்குப் பெரும்பாலும் காரணம் மின்வெட்டும் மெதுவான ஓட்டமும். மின்சாரம் போனதும் காற்று விசிறி நிற்கும், ஆனால் செங்கல்லின் சூடு புகைபோக்கியின் இழுவையில் குழாய்களூடே போய்க்கொண்டே இருக்கும். உள்ளே குளிர்விக்கும் காற்று இல்லாத குழாய் சில நிமிடங்களில் வளைந்துவிடும். குளிர்காற்றை விடும் டாம்பர் ஒன்றை, மின்சாரம் போனால் பாரத்தால் தானே திறக்கும்படி, ரெகுப்பரேற்றருக்கு முன்னால் வையுங்கள். மின்சாரத்தால் திறக்கும் டாம்பர் தேவையான நேரத்தில் திறக்காது.

குழாய் ஓட்டையாகிவிட்டதா என்று அறிய, உலை வெளியேற்றத்திலும் ரெகுப்பரேற்றருக்குப் பின்னாலும் ஒட்சிசனை அளவிடுங்கள். முன்னால் 3, பின்னால் 7 என்றால் சூடாக்கிய காற்று நேராகப் புகைபோக்கிக்குப் போகிறது. புகையை மிகவும் குளிரவும் விடாதீர்கள். கந்தகம் உள்ள எண்ணெயில் 150 பாகைக்குக் கீழே போனால் அமிலம் படிந்து உலோகத்தைத் தின்னும்.

இரவில ஓட்டினா மின்சாரம் மலிவுதானே? எல்லாத்தையும் இரவுக்கு மாத்தலாமா?

தொழிற்சாலைக் கட்டணத்தில் 18:30 முதல் 22:30 வரை உச்ச நேரம், 22:30 முதல் 05:30 வரை மலிவு நேரம். அதாவது 7 மணித்தியாலம், 420 நிமிடம். 6 தொன் தூண்டல் உலை, தொன்னுக்கு 600 கிலோவாற்று மணி, 3 மெகாவாற்று என்று எடுங்கள். ஒரு தடவை உருக்க 3,600 கிலோவாற்று மணி, 72 நிமிடம். ஊற்றவும் நிரப்பவும் 15 நிமிடம். மொத்தம் 87. 420க்குள் நான்குதான் முழுமையாக அடங்கும். ஐந்தாவது 05:45க்கு முடியும். முதல் நிரப்பலை 22:15க்கே செய்து 22:30க்கு மின்சாரத்தைப் போட்டால் அந்த ஐந்தாவதும் உள்ளே வந்துவிடும். இப்படிக் கால் மணித்தியாலத்தில் தீரும் விடயத்துக்குப் பெரிய உலை வாங்கத் தேவையில்லை.

பகலில் உலையைக் குளிரவிட்டால் சிலிக்கா உட்சுவர் வெடிக்கும், மறுபடி மெதுவாகத்தான் சூடாக்கலாம். மூடி போட்டுக் குறைந்த வலுவில் பிடித்து வைக்கும் செலவையும் கணக்கில் சேருங்கள். அத்தோடு மாதத்தில் எடுத்த மிகக்கூடிய வலுவுக்கான உச்சக் கேள்விக் கட்டணம் கே.வி.ஏ. (மின்வலுவின் அலகு) அளவில் மாதம் முழுவதற்கும் வருகிறது. இரண்டு உலைகள் ஒரே நேரம் முழு வலுவில் ஏறிய ஒரேயொரு தடவை போதும். இரண்டும் ஒரே நேரம் முழு வலுவில் ஏறாதபடி பூட்டு வையுங்கள். கூரையில் சூரியகலம் இருந்தாலும் 18:30க்கு அது உதவாது, பகல் உருட்டலுக்கே உதவும்.

வலுக்காரணியைத் திருத்த கப்பாசிற்றர் போட்டோம், வீங்கி வெடிச்சுட்டுது. மட்டமான சாமானா?

சாமான் நல்லதாகவே இருந்திருக்கலாம். வலுக்காரணி என்பது எடுக்கும் கே.வி.ஏ.யில் உண்மையில் வேலை செய்யும் பங்கு, அதைக் கூட்டத்தான் கப்பாசிற்றர். ஆறு துடிப்பு மாற்றி (ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் பகுதி) உள்ள தூண்டல் உலை 250, 350 ஹேட்ஸ் இசைஅலைகளை, அதாவது 50 ஹேட்ஸ் வழங்கலின் 5, 7 மடங்கு அதிர்வெண் அலைகளை, உண்டாக்கும். நிலைமாற்றியும் கப்பாசிற்றரும் சேர்ந்து அதே அதிர்வெண்ணில் ஒத்திசைந்தால் மின்னோட்டம் பலமடங்காகப் பெருகும்.

பார்க்கும் முறை எளிது. நிலைமாற்றி 4,000 கே.வி.ஏ., இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கான தடங்கல்) 6 வீதம் என்றால், குறுஞ்சுற்று வலு 4,000ஐ 0.06ஆல் வகுக்க ஏறக்குறைய 67,000. கப்பாசிற்றர் 1,350 என்றால் 67,000ஐ 1,350ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். 7 வரும். ஏழாவது இசைஅலை, அதாவது அதே 350 ஹேட்ஸ். வெடித்ததற்கு இதுவே காரணம். 7 வீத ரியாக்ரர் என்ற சுருளைத் தொடரில் போட்டால் ஒத்திசைவு 189 ஹேட்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். ரியாக்ரர் போட்டதும் கப்பாசிற்றரின் மேல் வோல்ற்றளவு கூடும், எனவே கப்பாசிற்றரையும் உயர் வோல்ற்றளவில் வாங்க வேண்டும். புது உலை வாங்குவதென்றால் பன்னிரண்டு துடிப்பு மாற்றியைக் கேளுங்கள், அதில் 250உம் 350உம் பெரும்பாலும் தாமே அழிந்துபோகும்.

குளிர்விக்கும் நீர் சுடச்சுட வருதே, அதில மின்சாரம் எடுக்கலாமா?

சுருளில் வரும் நீர் 55 பாகை, கொழும்பின் ஈரக்காற்றில் குளிர்கோபுரம் தருவது 30 பாகை. இந்த இரண்டுக்கும் இடையில் இயற்பியல் அனுமதிக்கும் உச்ச வினைத்திறனே 7.6 வீதம். பொறி, பம்பி எல்லாம் கழித்தால் கையில் மிஞ்சுவது அதில் சிறுபங்கு. வேண்டாம். எண்ணெய்த் தாங்கியை இளஞ்சூடாக வைத்திருக்கப் பயன்படுத்தலாம். 900 பாகைப் புகையை விட்டுவிட்டு 55 பாகை நீரைத் துரத்துவதில் அர்த்தமில்லை.

மிச்சம் பிடிக்கிறோம் என்று இந்த நீரின் பம்பிகளைக் குறைக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். மின்சாரம் போனாலும் உயரத் தாங்கியிலிருந்து சுருளுக்கு நீர் தானாக வர வேண்டும். உருகிய உலோகம் உள்ளே இருக்க, நீர் நின்ற சுருள் ஓட்டையானால் ஆட்கள் சாவார்கள்.

விறகு வாயுவில சூடாக்கும் உலையை ஓட்டலாமா?

ஓட்டலாம், கொள்ளளவு குறையும் என்று ஏற்றுக்கொண்டால். விறகைப் போதாத காற்றில் எரித்து எடுக்கும் இந்த வாயு கனமீற்றருக்கு 5 மெகாயூல் அளவில்தான் தரும். அதே சூட்டுக்குப் புகையின் அளவு எண்ணெயைவிட மூன்றில் ஒரு பங்கு கூடும். பழைய புகைவழியும் விசிறியும் போதாமல் உலைக்குள் அமுக்கம் ஏறும். காற்றை முன்சூடாக்காமல் 1,200 பாகையைப் பிடிப்பது கடினம். ஆகவே ரெகுப்பரேற்றர் இல்லாத உலைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

ஒரு லீற்றர் எண்ணெய்க்கு ஏறக்குறைய 3.5 கிலோ உலர்ந்த விறகு. மணிக்கு 10 தொன் சூடாக்கி 400 லீற்றர் எரிக்கும் உலைக்கு நாளுக்கு 33 தொன் விறகு. கிளிரிசிடியாவோ இறப்பர் மரமோ, மழைக்காலத்திலும் அதை உலரவைக்கும் கொட்டகை இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. ஈர விறகு வந்தால் தார் கூடி வால்வுகள் ஒட்டிக்கொள்ளும். வாயுவில் காபனோரொட்சைட்டு இருப்பதால் மணமோ நிறமோ இல்லாமல் ஆளைக் கொல்லும். அளவி இல்லாமல் யாரையும் அந்தப் பகுதிக்குள் அனுப்ப வேண்டாம்.

பெரிய ஆலைகள் நல்ல வாயுவை ஏன் சும்மா எரிச்சு விடுதுகள்? தொட்டியில சேர்க்கலாமே?

தொட்டி நினைப்பதைவிட மிகச் சிறியது. ஆண்டுக்கு 40 இலட்சம் தொன் இரும்பு தரும் ஊதுலை மணிக்கு 7 இலட்சம் கனமீற்றருக்கு மேல் வாயு தரும். 1,50,000 கனமீற்றர் தொட்டி, எடுப்பவர் யாரும் இல்லாவிட்டால் 12 நிமிடத்தில் நிரம்பிவிடும். அந்த வாயு கனமீற்றருக்கு 3 முதல் 3.5 மெகாயூல்தான். நிலக்கரியைக் கோக்காக்கும் உலையின் வாயு 16க்கு மேல், ஒட்சிசன் ஊதி உருக்கு செய்யும் உலையின் வாயு 8 அளவில். கடைசியாகச் சொன்னது 40 நிமிடச் சுற்றில் 15 முதல் 20 நிமிடம் மட்டுமே வரும்.

ஊதுலையின் காற்றைச் சூடாக்கும் அடுப்புகளே அதன் வாயுவில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றை எடுக்கும். ஓர் அடுப்பிலிருந்து மற்றதுக்கு மாறும் நிமிடங்களில் அந்த வாயுத் தேவை சட்டென்று விழும். அப்போது ஏற்றி இறக்கக்கூடிய கொதிகலன் ஒன்று தயாராக இல்லாவிட்டால் வாயு வெளியே வீணாகத்தான் எரியும். தொட்டியைப் பெரிதாக்குவதைவிட வேகமாக ஏறி இறங்கும் கொதிகலன் பேர்னர்கள் பயன் தரும்.

இதைக் கணினியில எப்படி எழுதுறது? என்ர மொடல் நல்ல விடை தருது, ஆலைக்காரர் சிரிக்கிறார்கள்.

இந்த வாயுப் பங்கீட்டை எழுதும் முறையை வழமையாகக் கலப்பு முழுவெண் நேரியல் நிரலாக்கம் என்பார்கள், அதாவது சில மாறிகள் முழுவெண்ணாகவே இருக்க, கட்டுப்பாடுகளுக்குள் மிகக் குறைந்த செலவைத் தேடும் கணக்கு. ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் ஒவ்வொரு கொதிகலனுக்கும் போகும் வாயு, தொட்டி மட்டம், வாங்கும் மின்சாரம் ஆகியவை மாறிகள். பேர்னர் எரிகிறதா இல்லையா என்பது 0 அல்லது 1. குறைக்க வேண்டியது வாங்கும் எரிபொருள், நேரத்துக்கேற்ற மின்கட்டணம், எரித்துவிடும் வாயுவின் பெறுமதி ஆகியவற்றின் கூட்டுத்தொகை.

அவர்கள் சிரிப்பதற்கு மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். பேர்னரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை போட்டு அணைக்கச் சொல்லியிருப்பீர்கள், அதற்கு மாற்றச்செலவும் குறைந்தபட்ச ஓட்ட நேரமும் சேருங்கள். அல்லது கடைசி நேரத்தில் தொட்டியை வெறுமையாக்கி இலாபம் காட்டியிருப்பீர்கள், தொடக்க மட்டத்துக்கே திரும்ப வேண்டும் என்று கட்டுப்பாடு போடுங்கள். அல்லது வாயு வரவை மணிச் சராசரியாகக் கொடுத்திருப்பீர்கள். முதல் கேள்வியில் சொன்ன பிழை அதுதான்.

விற்க வாறவங்கள் சொல்ற மிச்சத்தைக் கூட்டினா 60 வீதம் வருதே?

கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். 15 வீதமும் 10 வீதமும் சேர்ந்தால் 0.85ஐ 0.90ஆல் பெருக்கி 0.765, மிச்சம் 23.5. அதுவும் இரண்டும் ஒன்றையொன்று தொடாவிட்டால்தான். வார்ப்பிலிருந்து 700 பாகையில் வரும் பில்லெட்டைச் சூட்டோடு உலைக்குள் விட்டால் தேவையான சூட்டில் பாதி ஏற்கெனவே உள்ளே இருக்கும். எரிக்கும் எண்ணெய் குறைவதால் ரெகுப்பரேற்றர் மிச்சம் பிடிக்கும் லீற்றரும் குறையும். சூடான பில்லெட்டை விடும் திட்டம் இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு, புதிய புகை அளவுக்கு ரெகுப்பரேற்றரை அளவெடுங்கள்.

ஐதரசனில இரும்பு செய்யினமாம், சுவீடனில தொடங்கிட்டினமாம். இங்க செய்யலாமா?

சுவீடனின் லூலியோவில் முன்னோடி ஆலை 2020இல் தொடங்கியது உண்மை. தாதிலிருக்கும் ஒட்சிசனைப் பிரிக்க ஒரு தொன் இரும்புக்கு 50 முதல் 55 கிலோ ஐதரசன், ஒரு கிலோவுக்கு 50 கிலோவாற்று மணிக்கு மேல் மின்சாரம். உருக்குவதையும் சேர்த்தால் தொன்னுக்கு ஏறக்குறைய 3.5 மெகாவாற்று மணி. ஆண்டுக்கு 10 இலட்சம் தொன் என்றால் 400 மெகாவாற்று இரவு பகலாக வேண்டும். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று அலகுகளும் சேர்ந்தே 900 மெகாவாற்று.

இங்கே கிடைக்கும் பழைய இரும்பை உருக்க அதில் ஆறில் ஒரு பங்கு மின்சாரம் போதும். ஆகவே இன்று பணம் போட வேண்டிய இடம் பழைய இரும்பைத் தரம் பிரிப்பதும், ஈரமும் மண்ணும் இல்லாமல் உலைக்குக் கொடுப்பதும். மண்ணோடு வரும் ஒவ்வொரு கிலோவும் கசடாக உருகி மின்சாரத்தைத் தின்கிறது. ஈரம் உருகிய உலோகத்துக்குள் போனால் வெடிக்கும்.